தெரிவணியில் அப்பாவின் பெயர்

என் அப்பாவின் பெயர் கிளமென்ற். அவருடைய அப்பாவின் பெயர் ஜெபநேசன். என் அண்ணா பிறந்தபோது அப்பப்பாவின் பெயரையே அவனுக்கும் வைத்தார்கள். ஆகவே எங்கள் வீட்டில் அப்பா, ஜெபநேசனின் மகன் கிளமென்ற். அண்ணா, கிளமென்றின் மகன் ஜெபநேசன். இதை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் விளங்கிவிடும். நாங்கள் இருக்கும் ஓல்டன் நகரில் எங்களுக்குக் கடிதம் கொண்டுவருகிறவருக்கு இன்னும் விளங்கவில்லை. அப்பாவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்குப் பல் வைத்தியர் அண்ணாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

இந்தக் குழப்பம்தான் போன கோடையில், ஐம்பத்துமூன்று வயது அப்பாவைத் தெரிவணிக்குள் கொண்டுபோனது.

தெரிவணி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுவிஸில் எங்கள் ஆட்களுக்கு உதைபந்தாட்டக் கழகங்கள் நிறைய உண்டு. வருடம் முழுவதும் தங்களுக்குள் மோதுவார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மன் பேசும் பக்கத்துக் கழகங்களில் மிகச் சிறந்தவர்களைப் பொறுக்கி ஓர் அணியும், பிரெஞ்சு பேசும் பக்கத்தில் பொறுக்கி இன்னோர் அணியும் விளையாடும். ஆட்டம் ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் யார் தகுதியானவன், யார் தகுதியில்லாமல் உள்ளே போனவன் என்ற சண்டை ஒரு மாதம் நடக்கும். தேவாலயத்தில் பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும் இடத்தில் நடக்கும். தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கும்போதும் நடக்கும். “அவன்ர சித்தப்பா குழுவில இருக்கிறார்” என்பது அப்போது அடிக்கடி காதில் விழும் வசனம்.

யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு விதியும் வைத்திருந்தார்கள். கடைசி இடங்களில் வந்த கழகங்களுக்கும் தெரிவணியில் ஓர் இடம். ஒன்றே ஒன்று. எங்கள் ஓல்டன் கழகம் அந்த வருடம் கடைசிக்கு முதல் இடம். எங்கள் இடம் யாருக்கு என்று எவரும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கழகம் அடித்த கோல்களில் பாதிக்கு மேல் என் அண்ணா அடித்தவை.

அப்பாவும் அதே கழகத்தில்தான் இருந்தார். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அவர் மாற்றுக் கோல் காப்பாளர். வழக்கமான காப்பாளருக்குக் காய்ச்சல் வந்தால், அல்லது அவருடைய மச்சாளுக்குக் கலியாணம் வந்தால், அப்பா கையுறையை மாட்டுவார். அன்றைக்கு நாங்கள் தோற்போம். ஆனால் அப்பாவின் கணக்கில் ஒரு கோலும் அவரால் விழுந்ததில்லை. பந்து புதுப் பந்து, காற்று குறுக்கால் அடித்தது, பின்வரிசைப் பெடியன் மறைத்துவிட்டான். ஒருமுறை குளிர்கால ஆட்டமொன்றில் வெய்யில் கண்ணில் அடித்ததென்று சொன்னார். அந்த ஆட்டம் மூடிய மண்டபத்துக்குள் நடந்தது.

பிழை நடந்த விதம் இதுதான். எங்கள் ஜெர்மன் பக்கத்துத் தெரிவுக்குழுத் தலைவரும் அணிப் பொறுப்பாளருமான ஜெகதீஸ்வரன் பூம்ப்ளிஸ் என்ற ஊரில் இருக்கிறார். பழைய மனிதர். நம்முடைய முறைப்படி தகப்பன் பெயரை முன்னால் போட்டு ‘கிளமென்ற் ஜெபநேசன்’ என்று எழுதினார். கிளமென்றின் மகன் ஜெபநேசன் என்று அர்த்தம். அறிவிப்பைச் செய்த செயலாளர் தேனுஜன் இங்கே பிறந்தவர். அவரைப் பொறுத்தவரை முன்னால் இருப்பதுதான் சொந்தப் பெயர், பின்னால் இருப்பது குடும்பப் பெயர். கிளமென்ற் என்ற ஆளைத் தேடினார். கண்டுபிடித்தார். படத்தையும் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் படம் எல்லோருடைய கைபேசிக்கும் வந்தது. கையுறையோடு அப்பா, பின்னால் தீப்பொறி பறக்கிறது.

“இது ஆர் இந்தப் படத்தைப் போட்டது?” என்றார் அம்மா.

அண்ணா பார்த்தான். கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். “வாழ்த்துக்கள் அப்பா” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். அதற்குள் மன்னாரிலிருந்து ஓர் அழைப்பு, ரொறொன்ரோவிலிருந்து ஓர் அழைப்பு. “ஓம், ஓம், தெரிவாகீட்டன்” என்று அப்பா எழுந்து நடந்தபடி கதைத்தார். அண்ணா சாப்பாட்டை முடிக்காமல் ஓடப்போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. மழையிலும் பனியிலும் பயிற்சிக்குப் போனவன் அண்ணா. அம்மா என்னைவிடக் கோபமாக இருந்தார்.

“உங்களுக்கு வெக்கமில்லையோ? அது பெடியன்ர இடம்.”

“அவனுக்கு இருபத்திரண்டு வயசு, அஞ்சலா. வாற வருசமும் எடுப்பினம், அடுத்த வருசமும் எடுப்பினம். என்னை ஒருத்தரும் ஒண்டுக்கும் தெரிவு செய்ததில்லை. பள்ளிக்கூடத்தில பதினொரு பேரை எடுத்தா நான் பன்னிரண்டாவது ஆள்.”

“ஏன், நான் தெரிவு செய்யேல்லையோ?”

“நீ தெரிவு செய்தது சூரிச் கிளமென்றை.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் வீட்டுப் பழைய பகிடி. தரகர் மன்னாரில் அம்மாவின் வீட்டில் சொன்னது, சூரிச்சில் வங்கியில் வேலை செய்யும் வேறொரு கிளமென்றைப் பற்றி. கொடுத்த படம் மட்டும் அப்பாவுடையது. அம்மா படத்தைப் பார்த்துத்தான் ஓம் என்றாராம். வங்கி இல்லை என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

அடுத்த கிழமை ஜெகதீஸ்வரனும் தேனுஜனும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா ரோல்ஸும் தேத்தண்ணீரும் வைத்தார். நான் கதவோரம் நின்றேன். அண்ணா தன் அறையில் இருந்தான். கதவு திறந்தே இருந்தது.

ஜெகதீஸ்வரனால் விசயத்துக்கு வரவே முடியவில்லை. ரயில் பிந்தியதைப் பற்றிக் கதைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“தம்பி கிளமென்ற், உம்மட முழங்கால் இப்ப எப்பிடி?”

“தங்கமா இருக்கு, அண்ணை.”

“ஆட்டம் நடக்கிற லோசான் மைதானம் சரியான வழுக்கல் எண்டு சொல்லீனம்.”

“வழுக்கினா விழலாம். கீப்பர் விழத்தானே வேணும்.”

“அங்கத்தையப் பெடியள் காட்டுத்தனமா அடிப்பாங்கள். வயசான ஆக்களெண்டு பாக்கமாட்டாங்கள்.”

“ஆர் அண்ணை வயசான ஆள்?”

ஜெகதீஸ்வரன் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். தேனுஜனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“அங்கிள், அது பிழையா வந்த பெயர். நான்தான் மாறிப் போட்டனான்.”

“தெரியும் தம்பி. வந்த அண்டைக்கே தெரியும்.”

அப்பா தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டுத் தன் வேலைக் கதையைத் தொடங்கினார். எங்களுக்குத் தெரிந்த கதைதான்.

அப்பா இந்த நாட்டுக்கு வந்து, அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, ஓல்டனைச் சுற்றியிருந்த களஞ்சியங்களுக்கெல்லாம் வேலை கேட்டு எழுதினார். ஒரே ஒரு இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள். போனபோது அங்கிருந்த செஃப், அதாவது மேலாளர், கதவைத் திறந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். கிளமென்ற் என்ற பெயரைக் கண்டு, பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வரப்போகிறான் என்று நினைத்திருந்தார் போல.

“‘நீர்தானோ கிளமென்ற்?’ எண்டு கேட்டார். ‘ஓம்’ எண்டன். நான் பொய் சொல்லேல்லை. அவருக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கூப்பிட்ட மனுசனைத் திருப்பி அனுப்ப வெக்கம். ‘சரி, ஒரு கிழமை பாப்பம்’ எண்டார். அண்ணை, அந்தக் கிழமை இன்னும் முடியேல்லை. அண்டைக்கு நான் ‘ஐயோ, பிழையா வந்திட்டன், மன்னியுங்கோ’ எண்டு திரும்பியிருந்தா இந்த வீடு ஏது, இந்த ரோல்ஸ் ஏது?”

அப்பா அந்தக் களஞ்சியத்தில் ஸ்ராப்ளர் என்ற பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். இரண்டு தூண்களில் அவருடைய வண்டி இடித்த அடையாளம் இருக்கிறது. அவர் அதை யாருக்கும் மறைப்பதில்லை. அவரைப் பிடிக்காத ஆள் அங்கே ஒருவரும் இல்லை என்று அந்தச் செஃப் ஓய்வுபெறும்போது சொன்னாராம்.

ஜெகதீஸ்வரன் கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“குழு போட்ட பெயரைக் குழு எடுக்கிறேல்லை. அது எங்கட முறை. நீராத்தான் விடவேணும்.”

“நான் விடமாட்டன், அண்ணை.”

அறைக்குள்ளிருந்து அண்ணாவின் குரல் கேட்டது. “விடுங்கோ அங்கிள். அவர் விளையாடட்டும்.” குரலில் கோபம் இல்லை. மகிழ்ச்சியும் இல்லை.

வாசலில் சப்பாத்துப் போடும்போது ஜெகதீஸ்வரன் தேனுஜனின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. “பெயர் இருக்கட்டும். நான் இறக்கினாத்தானே விளையாடுறது.”

நான் அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் அடிப்பேன், அவர் பாய்வார். மேல்மாடி மூதாட்டி முதல் நாள் சத்தம் போடவேண்டாம் என்று சொல்ல யன்னலைத் திறந்தார். இரண்டாம் நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் அடித்ததில் பாதிக்கு மேல் உள்ளே போனது. இத்தனைக்கும் எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது.

ஆட்டத்தன்று குடும்பமாக லோசானுக்கு ரயில் ஏறினோம். அண்ணாவும் வந்தான். சப்பாத்தைப் பைக்குள் வைத்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. விளையாடுகிற ஆள் சப்பாத்தில்லாமல் மைதானத்துக்குப் போகமாட்டான் போலும்.

மைதானத்திலிருந்து பார்த்தால் கீழே ஏரி தெரிந்தது. ஒரு கூடாரத்தில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் குரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பக்க அணியின் பொறுப்பாளர் சஜீதா அக்கா, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கத்து ஆட்களின் தமிழுக்குள் பிரெஞ்சு தானாக வந்துவிடும்.

“கிளமென்ற் அண்ணை, சாவா?” என்றார். சுகமா என்று கேட்கிறார்.

“இன்னும் இல்லை, தங்கச்சி” என்றார் அப்பா.

சஜீதா அக்கா சிரித்துமுடித்த பிறகு தன் கவலையைச் சொன்னார். அவருடைய முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவனுக்கு அன்று காலையில் திடீரென்று வேலை. வரமுடியாது. சொல்லிக்கொண்டிருந்தவரின் கண் அண்ணாவின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சப்பாத்தில் நின்றது.

“தம்பி, நீங்கள் எங்கட பக்கம் விளையாடுறீங்களோ?”

ஜெகதீஸ்வரன் விறுவிறென்று வந்தார். “பிள்ளை, அது எங்கட ஓல்டன் பெடியன்.”

“உங்கட அணியில இருக்கிறாரோ?”

“அது… இல்லை.”

“அப்ப எங்களுக்கு.”

அண்ணா அப்பாவைப் பார்த்தான்.

“போடா, போய் விளையாடு” என்றார் அப்பா. “ஆனா எனக்குக் கோல் அடிச்சா வீட்டில சோறில்லை.”

“நீங்கள் முதல் உள்ள வாங்கோ, பாப்பம்” என்றான் அண்ணா. பல நாட்களுக்குப் பிறகு அவன் அப்பாவைச் சீண்டினான்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பக்கத்தின் கோல் காப்பாளர் பிருந்தாபன். பூம்ப்ளிஸ்காரர். அவருடைய தகுதியைப் பற்றி எந்தத் தேத்தண்ணீர்ச் சண்டையிலும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. அன்றும் பூனை மாதிரிப் பாய்ந்தார். அண்ணா அடித்த இரண்டு பந்துகளை ஒற்றைக் கையால் தட்டினார். ஆட்டம் முடியக் கால் மணித்தியாலம் இருந்தபோது நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று.

அப்பா இடைவேளையிலிருந்தே கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஓடினார், பின்னால் ஓடினார், குனிந்து நிமிர்ந்தார். ஜெகதீஸ்வரனின் கண்ணில் படும்படியாகவே செய்தார். ஜெகதீஸ்வரன் ஏரியைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ ஒருவர் “கிளமென்ற், கிளமென்ற்” என்று தொடங்கினார். பிரெஞ்சுப் பக்கத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்பா உள்ளே வந்தால் தங்களுக்குத்தான் நல்லது என்று அவர்களுக்குத் தெரியும். அப்பா அவர்களுக்கும் கையசைத்தார்.

அப்போது பிருந்தாபன் கோலைவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே நடந்துவந்தார்.

“என்னப்பா, காயமோ?” என்று ஜெகதீஸ்வரன் பதறினார்.

“இல்லை அண்ணை. கொத்துரொட்டி வாசம் தாங்கேலாமக் கிடக்கு.” பிருந்தாபன் அப்பாவின் தோளில் தட்டினார். “நீங்கள் போங்கோ அண்ணை. எனக்குச் சரியான பசி.”

அப்பா ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

முதல் பந்து அவர் தலைக்கு மேலால் போய்க் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்பா கம்பத்தைத் தடவிக்கொடுத்தார். இரண்டாவது பந்து மெதுவாகத்தான் வந்தது. அப்பாவின் கால்களுக்கு நடுவால் உள்ளே போனது. இரண்டுக்கு இரண்டு. அப்பா பின்வரிசைப் பெடியனைக் கைகாட்டினார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம் அண்ணா பந்தோடு உள்ளே வந்தான். எங்கள் ஆள் ஒருவர் அவன் காலைத் தட்டினார். நடுவர் விசில் ஊதினார். பெனல்டி. சஜீதா அக்கா அண்ணாவைப் பார்த்து, நீயே அடி என்று கையால் காட்டினார்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் உச்சத்துக்குப் போனார். “லோசான் மண்ணே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் இவ்வேளையில், கிளமென்ற் ஜெபநேசன் உதைக்க, கிளமென்ற் ஜெபநேசன் காக்க…” பிறகு கடதாசி புரளும் சத்தம். “பொறுங்கோ, பொறுங்கோ, இதில ஆர் ஆர்?” மைதானம் முழுவதும் சிரித்தது. தேனுஜன் மட்டும் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“இடப்பக்கம் அடிப்பாய் எண்டு எனக்குத் தெரியும்” என்று அப்பா கோலுக்குள்ளிருந்து கத்தினார். அண்ணாவின் முகம் அசையவில்லை. அம்மா கண்களை விரல்களால் மூடி, விரல்களுக்கு இடையால் பார்த்தார்.

அண்ணா இடப்பக்கமேதான் அடித்தான். அப்பாவும் அதே பக்கம் பாய்ந்தார். முழு உடம்பும் நீண்டது. பந்து விரல்களில் பட்டது. எல்லோரும் கண்டோம். பட்டு, கம்பத்தின் உட்பக்கத்தில் மோதி, உள்ளே போனது.

அப்பா எழுந்தார். பந்தை எடுக்கப் போகவில்லை. நேராக அண்ணாவிடம் ஓடி, அவனைக் கட்டிப்பிடித்து நிலத்திலிருந்து தூக்கிவிட்டார். தன் அணி தோற்கிற கோலுக்கு ஒரு கோல் காப்பாளர் துள்ளிக் குதிப்பதை நடுவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார். மஞ்சள் அட்டையை எடுத்தார், யோசித்தார், திரும்பவும் பைக்குள் வைத்தார். பிரெஞ்சுப் பக்கம் வென்று பல வருடங்கள் ஆகியிருந்தன. சஜீதா அக்கா அழுதே விட்டார்.

“எங்கட பிழை எங்களுக்கே கோல் அடிச்சிட்டுது” என்றார் ஜெகதீஸ்வரன். தோற்ற அணியின் பொறுப்பாளர் அவ்வளவு சிரித்திருக்கக் கூடாது.

திரும்பி வரும் ரயிலில் அப்பா வாய் ஓயவில்லை. சிவந்துபோன இரண்டு விரல்களை எல்லோருக்கும் காட்டினார். நாயோடு எதிரில் இருந்த ஒரு சுவிஸ்காரப் பெண்மணிக்கும் ஜெர்மனில் விளக்கினார். அவர் நாயின் காதைத் தடவியபடி பொறுமையாகக் கேட்டார். அண்ணா மட்டும் தன் சப்பாத்தின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்மணி இறங்கிய பிறகு திரும்பினான்.

“அப்பா, ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லவேணும்.”

“கேள்.”

“கையை இழுத்தனீங்களோ?”

அப்பாவுக்கு விளங்கவில்லை. “என்ன?”

“பந்து கையில பட்டது. பிறகும் உள்ள போனது. எனக்காக விட்டனீங்களோ எண்டு கேக்கிறன். விட்டுத் தந்ததெண்டா எனக்கு அந்தக் கோல் வேண்டாம்.”

“விட்டுத் தாறதோ? உன்ர இடத்தையே விட்டுத் தராத ஆள் நான். கோலை விடுவனோ?”

அம்மா சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை.

“அப்ப எப்பிடி உள்ள போனது? நல்ல கீப்பரெண்டா அந்தப் பந்து வெளியில போயிருக்கும். நீங்கள் நல்ல கீப்பரெண்டுதானே இவ்வளவு காலமும் சொல்லுறனீங்கள்.”

அப்பா வாயைத் திறந்தார். எப்போதும் சொல்லும் காரணங்கள் வரிசையாக நிற்பது எனக்கே தெரிந்தது. காற்று இருந்தது, ஈரப் புல் இருந்தது, கையுறை பழையது. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். வெளியே ஏரி முடிந்து வயல்கள் வந்துகொண்டிருந்தன.

“நான் நல்ல கீப்பர் இல்லையடா” என்றார்.

“எப்பயிருந்து?” என்று அம்மா கேட்டார்.

“எப்பவுமே.” அப்பா அண்ணாவின் பக்கம் திரும்பினார். “என்னால ஏலுமானதைச் செய்தனான். அதுக்கு மேல நீ அடிச்சாய். அதுதான் உள்ள போனது. வேற ஒண்டுமில்லை.”

அண்ணா அப்பாவின் கையை எடுத்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வீங்கியிருக்கு.”

“பின்ன? உன்ர அடி அப்பிடி.”

அண்ணா அப்போதுதான் சிரித்தான். பிறகு இருக்கையில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டினான். “சரி, திருப்பிச் சொல்லுங்கோ. விசில் ஊதினதில இருந்து.”

அப்பா சொன்னார். ஓல்டன் வரும்வரை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அண்ணாவின் அடி இன்னும் கொஞ்சம் வேகமெடுத்தது.